மென்பந்தும் மெல்லிய தோள்களும்

விளையாட்டு என்னும் சொல்லைப் பொறுப்பின்மையைக் குறிக்கவும் நாம் வழங்கி வருகிறோம். ‘விளையாட்டாகச் செய்துவிட்டான்’ என்றால், ஆராயாமல் செய்துவிட்டான் என்பது பொருள். ‘விளையாட்டு வினையாயிற்று’ என்னும் வழக்கும் நம்மிடையே உண்டு. ஆயின், விளையாட்டை முறையாகக் கற்பிக்கும் இடத்தில் ஆராயாமல் செய்யத்தக்கது எதுவுமில்லை. ஆடுகளத்தில் ஒரு சிறுமி பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, அவளுடைய பயிற்றுநர் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல. அவ்வெண்ணம் தவறுமாயின், இழப்பு வெற்றிக் கோப்பையோடு நின்றுவிடுவதில்லை; வளரும் பருவத்துத் தோள் ஒன்று அதற்கு விலையாகிவிடுகிறது.

மென்பந்து எனப்படும் சாஃப்ட்பால் விளையாட்டில் பந்து எறிபவரை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது, தொடர் போட்டிகளில் அவரை எவ்வாறு அளவறிந்து பயன்படுத்துவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விளையாட்டு நம் நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடப்படுகிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் இடம்பெற்றுள்ளது. எனினும், இளையோர் மென்பந்து ஆழமாக வேரூன்றிப் பெருகியிருப்பது அமெரிக்க நாட்டில். ஆகவே அந்நாட்டு நடைமுறைகளையே இக்கட்டுரை பெரிதும் தழுவிச் செல்கிறது.

பிறப்பும் வளர்ச்சியும்

1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிகாகோ நகரின் ஃபாரகட் படகு மன்றத்தில் இவ்விளையாட்டுத் தோன்றியது. யேல், ஹார்வர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் கால்பந்தாட்ட முடிவை அறியக் கூடியிருந்தவர்களுள் ஒருவர், முடிவு தெரிந்த மகிழ்ச்சியில் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதைக் கோலால் அடித்தார். அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையைப் பந்துபோல் கட்டி, கூரைக்கு உள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். ‘சாஃப்ட்பால்’ என்னும் பெயரை 1926இல் டென்வர் நகரைச் சார்ந்த வால்டர் ஹகன்சன் முன்மொழிந்தார். 1933இல் சிகாகோவில் நாடளாவிய போட்டி நடைபெற்றது. உள்ளரங்கில் பிறந்த ஆட்டம் அதற்குள் வெளிக்களத்தில் நிலைபெற்றுவிட்டது.

பெண்கள் இவ்விளையாட்டில் பெருந்தொகையினராக ஈடுபட 1972ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விச் சட்டத் திருத்தம் வழிகோலியது. அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டலாகாது என்று அச்சட்டம் விதித்தது. அதன் பயனாகக் கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டு அணிகளை அமைத்தன. விளையாட்டுக்கான கல்வி உதவித்தொகையும் அவர்களுக்குக் கிட்டலாயிற்று. மென்பந்து ஆடும் மகளுக்குக் கல்லூரிக் கட்டணச் சுமை குறையும் என்ற நம்பிக்கை எண்ணற்ற இல்லங்களில் பிறந்தது. நல்ல நம்பிக்கைதான், ஆயினும் சிறுமியரின் தோள்மீது அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஒலிம்பிக்கில் 1996 முதல் 2008 வரை மகளிர் மென்பந்து இடம்பெற்றது. பின்னர் இரு ஒலிம்பிக்குகளில் நீக்கப்பட்டு, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் ஆடப்பட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதனைச் சேர்க்க 2023இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

எறிபவரின் இடம்

பெயரில் மென்மை இருப்பினும் பந்தில் மென்மை இல்லை. பன்னிரண்டு வயதுப் பிரிவு முதல் மேற்பட்டோர் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம்; பத்து வயதுக்குட்பட்டோர்க்கு 11 அங்குலம். எறியும் தொலைவு, பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர்க்கு 35 அடி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு 40 அடி, அதற்கு மேற்பட்டோர்க்கு 43 அடி எனப் படிப்படியாக அமைக்கப்பட்டுள்ளது. வயதுக்கேற்பத் தொலைவையும் பந்தின் பருமனையும் வேறுபடுத்தியோர், குழந்தையின் உடல் வளர்ந்தோர் உடலன்று என்ற உண்மையை உணர்ந்தே அவ்வாறு செய்தனர். அதே உணர்வு, எத்தனை பந்துகள் எறியலாம் என்னும் கணக்கிலும் இருக்க வேண்டும் அல்லவா?

ஓர் அணியில் ஒன்பதின்மர் களத்தில் நிற்பர். எண்மர் பந்து தம்மிடம் வரும்போது மட்டும் செயற்படுவர். எறிபவரோ ஒவ்வொரு பந்துக்கும் முழு உடலையும் ஈடுபடுத்த வேண்டும். ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வும் அவர் கையிலிருந்தே தொடங்குகிறது. தேர்ந்த எறிவீராங்கனை ஒருத்தி இருந்தால், மற்றவர் சுமாராக ஆடினாலும் அணி வென்றுவிடும். பயிற்றுநரின் மனத்தைத் தடுமாறச் செய்வதும் இதுவே. வெல்ல வேண்டும் என்ற வேட்கை மேலிடும்போது, ‘அவளே எறியட்டும்’ என்னும் முடிவு மிக எளிதாக வந்துவிடுகிறது.

கவணும் கையும்

பழந்தமிழ்க் குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் மகளிர் கவண் கொண்டு கல்லெறிவதைக் காண்கிறோம். கயிற்றைச் சுழற்றி, உரிய கணத்தில் விடுவித்தால் கல் விரைந்து பாயும். மென்பந்து எறிதலின் இயக்கமும் ஏறத்தாழ இத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு: கவணில் சுழல்வது கயிறு; இங்கே சுழல்வது கை. கயிறு நைந்தால் வேறு கயிறு திரித்துக்கொள்ளலாம். தோளுக்கு அவ்வாறு மாற்று இல்லை.

காற்றாலையின் இறக்கை சுழல்வதுபோல் கை தோளை மையமாகக் கொண்டு முழு வட்டமாகச் சுழன்று, இடுப்பின் அருகே பந்தை விடுவிக்கிறது. எனவே ஆங்கிலத்தில் இதற்குக் காற்றாலை எறிதல் என்றே பெயர். பந்தின் விரைவு கையில் மட்டும் பிறப்பதில்லை. பின்கால் தரையை உந்துகிறது. முன்கால் நீண்டு ஊன்றுகிறது. இடுப்பும் உடலும் திரும்புகின்றன. அவ்விசை தோள்வழியாக முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கும் செல்கிறது. சங்கிலியின் கண்ணிகளைப் போல ஒவ்வோர் உறுப்பும் தன் பங்கை அடுத்ததற்கு வழங்குகிறது. கால் களைத்தால் கால் தரவேண்டிய விசையைத் தோள் ஈடுசெய்ய முற்படும். எறிபவரின் களைப்புப் பெரும்பாலும் காலில் தொடங்கித் தோளில் நோவாக முடிவதற்கு இதுவே காரணம்.

இயல்பானது என்னும் எண்ணம்

தலைக்கு மேலாகக் கையை வீசி எறியும் பேஸ்பால் முறை தோளுக்குக் கேடு, தாழ்கையாக எறியும் மென்பந்து முறை உடலுக்கு இயல்பானது, அதனால் தீங்கில்லை என்றோர் எண்ணம் நெடுங்காலமாக நிலவிவந்தது. ஒரே சிறுமி ஒரு நாளில் மூன்று, நான்கு ஆட்டங்களில் எறிவதை எவரும் வியப்பாகக் கருதவில்லை.

இவ்வெண்ணத்தை ஆய்வுகள் அசைத்தன. காற்றாலை எறிதலின் இயக்கத்தை அளந்து 1998இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று, தோளிலும் முழங்கையிலும் எழும் விசைகள் பேஸ்பால் எறிபவர்க்கு எழும் விசைகளோடு ஒப்பிடத்தக்கவை என்று காட்டியது. பந்தை விடுவிக்கும் நேரத்தில் கையைத் தோள்மூட்டிலிருந்து வெளிநோக்கி இழுக்கும் விசை, எறிபவரின் உடல் எடையில் பெரும்பகுதிக்குச் சமமாகிறது. மேற்கையின் முன்புறத்தில் உள்ள இருதலைத் தசையும், அதன் தசைநாணும் இவ்விசையை எதிர்த்துப் பிடிக்கின்றன. மென்பந்து எறிவோர் பலர் தோளின் முன்புறத்தில் நோவதாகக் கூறுவது இதனாலேயே.

2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வார இறுதிப் போட்டிகளில் அடுத்தடுத்த நாள்களில் எறிந்த இளம் வீராங்கனையரின் தோள்வலிமையைக் கருவிகொண்டு அளந்தது. நாள் செல்லச் செல்லக் களைப்பும் நோவும் மிகுந்தன, வலிமை குறைந்தது. ஓர் இரவு உறக்கம் முழு மீட்சியைத் தரவில்லை. முதல் நாளின் குறைபாட்டைச் சுமந்துகொண்டே இரண்டாம் நாள் களமிறங்கினர் என்பது இதன் பொருள்.

சிறார்க்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடுகள் உள்ளன. அவை முதிர்ந்த எலும்பைப் போன்ற உறுதி பெற்றவை அல்ல. மீண்டும் மீண்டும் விழும் இழுவிசை, பெரியோரிடத்தில் தசைநாணை வருத்துவதுபோல், சிறாரிடத்தில் இத்தகடுகளை வருத்தக்கூடும்.

பேஸ்பாலில் சிறுவர்க்குப் பந்து எண்ணிக்கை வரம்பு ‘லிட்டில் லீக்’ அமைப்பில் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. சிறுமியரின் மென்பந்திலோ, பல போட்டிகளில் எண்ணிக்கை வரம்பே இல்லை. சிலவற்றில் எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்ற வரம்பு மட்டும் உண்டு. இன்னிங்ஸ் கணக்கு முழுமையான அளவுகோல் அன்று. ஒரு இன்னிங்ஸ் எட்டுப் பந்துகளிலும் முடியலாம். நாற்பது பந்துகளுக்கும் நீளலாம். தோள் இன்னிங்ஸை அறியாது. பந்துகளை மட்டுமே அறியும்.

வார இறுதியின் கணக்கு

அமெரிக்க இளையோர் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில் நடைபெறும். முதல் நாள் பிரிவு ஆட்டங்கள், மறுநாள் வெளியேற்றும் சுற்று என அமைவது வழக்கம். இரு தோல்விகளுக்குப் பின்னரே வெளியேற்றும் முறை பின்பற்றப்பட்டால், தொடக்கத்தில் ஒன்றில் தோற்ற அணி, இறுதியை எட்டுவதற்குக் கூடுதலான ஆட்டங்களை ஆட வேண்டும். அதாவது, களைத்த அணிக்கே மேலும் களைப்பு.

அமெரிக்க விளையாட்டு மருத்துவ எலும்பியல் சங்கம் முன்னின்று நடத்திய ‘ஸ்டாப்’ என்னும் காயத்தடுப்பு இயக்கம், மென்பந்து எறிவோர்க்குச் சில வரம்புகளைப் பரிந்துரைத்தது. பத்து முதல் பன்னிரண்டு வயதுடையோர் ஓர் ஆட்டத்தில் 65 பந்துகளுக்கும், ஒரு நாளில் 95 பந்துகளுக்கும் மேல் எறியலாகாது. இரு நாள் தொடர்ந்து எறிந்தபின் மூன்றாம் நாள் எறியவே கூடாது. பதின்மூன்று, பதினான்கு வயதினர்க்கு ஆட்டத்திற்கு 80, நாளுக்கு 115. அதற்கு மேற்பட்டோர்க்கு ஆட்டத்திற்கு 100, நாளுக்கு 140.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிரிவு அணியொன்று ஒரு நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடுகிறது என்றும், நேர வரம்பின் காரணமாக ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து இன்னிங்ஸில் முடிகிறது என்றும், இன்னிங்ஸுக்குச் சராசரி 15 பந்துகள் என்றும் கொள்வோம். மொத்தம் 15 இன்னிங்ஸ், 225 பந்துகள். ஒருத்தியே எறிந்தால் அவள் நாள் வரம்பாகிய 95ஐ இரண்டு மடங்குக்கும் மேலாகக் கடந்துவிடுகிறாள். இதனுடன் ஆட்டத்துக்கு முன் சூடேற்ற எறியும் பந்துகளும், ஒவ்வொரு இன்னிங்ஸின் தொடக்கத்திலும் எறியும் பந்துகளும் சேரும். அவற்றை எவரும் ஏட்டில் எழுதுவதில்லை. ஆனால் தோள் எழுதிக்கொள்கிறது.

அதே அணியில் எறியத் தெரிந்தவர் மூவர் இருப்பின் கணக்கு வேறாகும். முதல் ஆட்டத்தில் முதலாமவள் மூன்று இன்னிங்ஸ் எறிய, இரண்டாமவள் இரண்டு இன்னிங்ஸ் எறிந்து முடிக்கிறாள். இரண்டாம் ஆட்டத்தை மூன்றாமவள் தொடங்கி மூன்று எறிய, முதலாமவள் இரண்டு எறிந்து முடிக்கிறாள். மூன்றாம் ஆட்டத்தை இரண்டாமவள் தொடங்க, மூன்றாமவள் முடிக்கிறாள். ஒவ்வொருத்திக்கும் ஐந்து இன்னிங்ஸ், ஏறத்தாழ 75 பந்துகள். ஆட்டத்திற்கு 45க்கு மேல் இல்லை. ஒவ்வொருத்தியும் ஓர் ஆட்டத்தைத் தொடங்குகிறாள். ஓர் ஆட்டத்தை முடிக்கிறாள். எவரும் வரம்பை மீறவில்லை, எவரும் ஒதுக்கப்படவுமில்லை.

இவ்வேற்பாட்டில் மற்றொரு பயனும் உண்டு. ஒரே கையிலிருந்து வரும் பந்தை மூன்றாம் முறை சந்திக்கும் மட்டையாளர் அதன் போக்கைக் கற்றுக்கொண்டுவிடுவார். கை மாறினால் விரைவும் வளைவும் மாறும். மட்டையாளர் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டும். உடல்நலம் பேணும் முறையே இங்கு ஆட்டத்திறனுமாகிறது. ஆனால் மூவர் வேண்டுமாயின், போட்டி நாளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பருவத் தொடக்கத்திலிருந்தே, எளிய ஆட்டங்களில் வாய்ப்பளித்து, இரண்டாமவளையும் மூன்றாமவளையும் உருவாக்க வேண்டும். முதல்வியை மட்டும் வளர்த்த பயிற்றுநர், நெருக்கடியில் அவளையே வாட்ட நேர்கிறது.

உடலைச் சூடேற்றும் முறை

ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றுதல் என்பது சில பந்துகளை எறிந்து பார்ப்பது என்று கருதுவோர் உளர். அது பிழை. எறிவதற்காகச் சூடேற்ற வேண்டுமேயன்றி, சூடேறுவதற்காக எறியலாகாது. அதன் படிநிலைகளைக் கீழ்க்காணுமாறு வகுக்கலாம்.

முதற்படி, முழு உடலுக்கும் உரியது. ஐந்து முதல் பத்து மணித்துளிகள் மெல்லோட்டம், பக்கவாட்டு நகர்வு, துள்ளல் நடை ஆகியவற்றைச் செய்து, மெல்ல வியர்வை அரும்பும் நிலையை அடைய வேண்டும். குருதியோட்டம் மிகுந்து தசைகள் நெகிழ்வதற்கு இது இன்றியமையாதது.

இரண்டாம்படி, இயங்கியவாறே செய்யும் நீட்டற்பயிற்சிகள். கால்களை முன்னும் பின்னும் வீசுதல், நீள அடிவைத்து அமர்ந்தெழுதல், இடுப்பைச் சுழற்றுதல், கைகளைச் சிறு வட்டத்திலிருந்து பெருவட்டமாகச் சுழற்றுதல் ஆகியன இதில் அடங்கும். ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்வது நலம். நெகிழ்நாடா கொண்டு தோள்பட்டைத் தசைகளை இதமாக இயக்குவதும் இப்படிநிலைக்கு உரியதே.

மூன்றாம்படி, தோழியோடு தலைக்கு மேலாகப் பந்தை எறிந்து பிடித்தல். குறைந்த தொலைவில் தொடங்கிச் சிறிது சிறிதாக விலக வேண்டும்.

நான்காம்படியில்தான் எறிமுறை தொடங்குகிறது. முதலில் கேட்சர் அருகில் நிற்க, மணிக்கட்டை மட்டும் சுண்டி எறிதல். அடுத்துக் கையை உயர்த்திய நிலையிலிருந்து அரைவட்டமாக எறிதல். பின்னர் முழு வட்டம், ஆனால் அரை விரைவு. அதன்பின் உரிய தொலைவுக்குப் பின்சென்று, விரைவைப் படிப்படியாக உயர்த்துதல்.

ஐந்தாம்படி, குறியும் வகையும். முழு விரைவுப் பந்தை உள்மூலை, வெளிமூலை, மேல், கீழ் என இடம் நோக்கி எறிய வேண்டும். அடுத்து, விரைவைக் குறைத்து ஏமாற்றும் ‘சேஞ்ச் அப்’. அதன்பின் தாழ்ந்து விழும் ‘டிராப்’ முதலிய, அவளுக்குக் கைவந்த வகைகள். இறுதியில் மட்டையாளர் ஒருவரை நிற்கச் செய்து, இரண்டு மூன்று பேருக்கு எறிவதுபோல் எறிந்து முடிக்கலாம். அன்று எந்தப் பந்து கைக்கு இணங்குகிறது, எது இணங்கவில்லை என்பதைக் கேட்சர் அப்போதே பயிற்றுநரிடம் கூற வேண்டும். ஆட்டத் திட்டம் அதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

இவை அனைத்தும் அரை மணி நேர அளவில் முடிந்து, ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்து அல்லது பத்து மணித்துளிகள் இருக்கும்போது அவள் நீர் பருகி, ஓய்ந்து, களமிறங்கும் மனநிலையில் இருப்பது சிறப்பு. மிக முன்னதாக முடித்தால் உடல் குளிர்ந்துவிடும். மிகத் தாமதித்தால் முதல் இன்னிங்ஸே சூடேற்றமாகிவிடும்.

ஒரே நாளின் இரண்டாம் ஆட்டத்துக்கு முன் இவ்வளவும் தேவையில்லை. ஓட்டமும் நீட்டலும் குறையாதிருக்க, எறியும் பந்துகளை மட்டும் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாமிடத்தில் காத்திருப்பவளிடமும் கருத்து வேண்டும். ‘எதற்கும் ஆயத்தமாக இரு’ என்று கூறி அவளை ஆட்டம் முழுதும் ஓரத்தில் எறியவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. களமிறங்காமலே அவள் களைத்துவிடுகிறாள். முன்கூட்டியே இன்ன இன்னிங்ஸில் உன் முறை வரும் என்று சொல்லிவைத்தால், அவள் ஒருமுறை ஆயத்தமாகி அமர்ந்திருப்பாள். அழைக்கும்போது ஒரு சில பந்துகள் போதும். மாற்றம் நிகழ்கையில் விதி தரும் நேரமும் ஏறக்குறைய ஒரு மணித்துளிதான். அதற்குள் முழு ஆயத்தமும் கைகூடாது.

களைப்பின் அடையாளங்கள்

எண்ணிக்கை ஒரு வேலி. வேலிக்கு உள்ளேயும் கண்காணிப்பு வேண்டும். வரம்பை எட்டாமலே களைத்துவிடும் நாள்கள் உண்டு. வெயில் மிகுந்த நாளும் உறக்கம் குறைந்த இரவுக்கு மறுநாளும் அத்தகையன. பந்து தொடர்ந்து மேலே செல்லுதல், அடி குறுகுதல், உடல் ஒருபுறம் சாய்தல், இரு பந்துகளுக்கிடையே நேரம் நீளுதல், கையை உதறுதல், தோளைத் தடவுதல், இயல்பாகப் பேசுபவள் பேச்சற்றுப்போதல் ஆகியன களைப்பின் அடையாளங்கள். இவற்றை முதலில் காண்பவள் எதிரே அமர்ந்திருக்கும் கேட்சர். அவள் சொல்லுக்குப் பயிற்றுநர் செவிசாய்க்க வேண்டும்.

களைப்பும் நோவும் ஒன்றல்ல. களைத்தவளை மாற்றினால் அவள் ஓய்வுக்குப் பின் மீளக்கூடும். மென்பந்தின் விதியும் இதற்கு இடந்தருகிறது. ஆட்டத்தைத் தொடங்கியவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வரலாம். தோளிலோ முழங்கையிலோ நோவு கண்டவளை அன்று மீண்டும் எறிய அழைத்தலாகாது. நோவு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரை தந்து களமிறக்குவது முறையன்று.

‘வலிக்கிறதா?’ என்று கேட்டால், பெரும்பாலான சிறுமியர் ‘இல்லை’ என்றே விடையளிப்பர். தம் இடம் பறிபோகும் என்ற அச்சமும், அணியைக் கைவிட்டதாகக் கருதுவார்கள் என்ற நாணமும் அவர்களைத் தடுக்கின்றன. ஆகவே, ‘எங்கே இறுக்கமாக இருக்கிறது? காலையில் இருந்ததைவிட இப்போது எப்படி?’ என்று கேட்பதே பயன் தரும். உண்மையைச் சொன்னவளைத் தண்டிக்காத அணியில்தான் உண்மை சொல்லப்படும்.

ஆட்டம் முடிந்தபின் மெல்ல நடந்து உடலைத் தணித்தல், நீட்டற்பயிற்சி, நீரும் உணவும், போதிய உறக்கம் ஆகியவை அடுத்த நாளுக்கான ஆயத்தமே. ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களாவது ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருப்பது சிறார்க்கு நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

இரு ஒலிம்பிக், ஒரு பாடம்

யூகிகோ உவேனோ என்னும் ஜப்பானிய வீராங்கனை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நிகழ்த்தியது மென்பந்து உலகம் மறவாத செயல். ஆகஸ்டு 20ஆம் நாள் அமெரிக்காவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து தோற்றார். அன்றே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பன்னிரண்டு இன்னிங்ஸ் எறிந்து வென்றார். மறுநாள் இறுதியில் அமெரிக்காவைச் சந்தித்து 3–1 என்று வென்று தங்கம் பெற்றுத் தந்தார். இரு நாள்களில் அவர் எறிந்த பந்துகள் 413. அவருடைய நாட்டில் அவ்வெண்ணே ஒரு புகழ்ச்சொல் ஆகிவிட்டது.

ஆயின், 413ஐக் கண்டு வியக்கும் நாம், அதைச் செய்தவர் இருபத்தாறு வயது நிரம்பிய, பல்லாண்டுப் பயிற்சியால் உரமேறிய வீராங்கனை என்பதை மறக்கலாகாது. வளர்ச்சித் தகடு மூடாத பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அது முன்மாதிரி ஆகாது.

அதே உவேனோ, 2021 ஜூலை 27ஆம் நாள் டோக்கியோவில், முப்பத்தொன்பதாம் வயதில், மீண்டும் அமெரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தைத் தொடங்கினார். இம்முறை ஆறாம் இன்னிங்ஸில் பயிற்றுநர் ரெய்கா உட்சுகி அவரை வெளியே அழைத்து, இருபதே வயதான மியு கோட்டோவைக் களமிறக்கினார். இளையவர் நெருக்கடியைத் தாண்டிக் கொடுக்க, ஏழாம் இன்னிங்ஸில் மீள்நுழைவு விதிப்படி உவேனோ திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தார். ஜப்பான் 2–0 என்று வென்றது. முதல் வெற்றி ஒருவரின் தாங்குதிறனால் வந்தது. இரண்டாவது, பகிர்ந்து சுமந்ததால் வந்தது. இரண்டுக்கும் கிடைத்தது ஒரே தங்கம்.

பெரியோர் பொறுப்பு

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார். எறியும் பந்து ஒவ்வொன்றும் இறகைப் போன்றதே. எந்த ஒரு பந்தும் தோளைக் கெடுப்பதில்லை. எண்ணாமல் விட்ட பந்துகளின் தொகையே கெடுக்கிறது. எனவே, ஒவ்வோர் அணியிலும் பந்தை எண்ணிக் குறிப்பதற்கென்றே ஒருவர் அமர வேண்டும். அவர் பெற்றோருள் ஒருவராயினும் ஆகலாம். ஒரே சிறுமி பள்ளி அணிக்கும் மன்ற அணிக்கும் ஆடினால், இரு பயிற்றுநர்களின் குறிப்பும் ஓரிடத்தில் சேர வேண்டும். அதைச் சேர்க்கத்தக்கவர் பெற்றோர் மட்டுமே.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்திய நெறி. வழிபாட்டிலும் உடலை வருத்தி அளவு கடக்கலாகாது என்று உணர்த்திய அந்நெறி, விளையாட்டுக்குப் பொருந்தாதோ? பிறர் பிள்ளையைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அமானிதம் ஒன்றை ஏற்கிறார். ஒப்படைத்த பொருளைக் குறைவின்றித் திருப்பித் தருவதே அமானிதத்தின் இலக்கணம். மாலையில் கோப்பையோடு வீடு திரும்பும் மகள், மறுநாள் தேர்வுத்தாளில் எழுதவும், குடத்தைத் தூக்கவும், நாளைத் தன் குழந்தையை ஏந்தவும் அதே கை வேண்டும்.

மகளிரை ஆடுகளத்திற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இன்றும் உளர். அவர்தம் தயக்கத்தைப் பேச்சால் மட்டும் போக்கிவிட இயலாது. அனுப்பிய மகளைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கும் களம் இது என்று நடைமுறையில் காட்டினால், தயக்கம் தானே அகலும். மாணவியர்க்கும் ஒரு சொல்: களைப்பை மறைப்பது வீரமாகாது. ‘இனி அவள் எறியட்டும்’ என்று கூறிப் பந்தைத் தோழியிடம் கொடுப்பதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவு உடையவளே அடுத்த ஆண்டும் எறிவாள்.